இயேசு யாருக்காக மரித்தார்? முதல்முறை இந்த விவாதத்தைக் கேட்பவர்களுக்கு

ஞாயிறு பள்ளிக்குப் போன யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இயேசு எல்லாருக்காகவும் மரித்தார். அந்தப் பதிலோடு நாகர்கோவிலிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள், வந்த கொஞ்ச நாளிலேயே வேறொரு பதிலையும் கேட்டுவிடுகிறார்கள். காலையில் தமிழ் ஆராதனை, மாலையில் நண்பர்கள் கூட்டிக்கொண்டுபோகும் ஆங்கிலச் சபை, வாரநாளில் சில்க் போர்டு நெரிசலில் காதில் ஓடும் அமெரிக்கப் பிரசங்கம் என்று போகிற வாழ்க்கையில், ஏதோ ஓர் இடத்தில் ஒருவர் நிதானமாகச் சொல்கிறார்: "கிறிஸ்து தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காக மட்டுமே மரித்தார்." கேட்டவருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. சொன்னவரோ பெரிய படிப்பாளி, வேதத்தை உயிராக நேசிப்பவர். அப்படியானால் அம்மா சொல்லிக்கொடுத்தது தப்பா?

தெரிந்துகொண்டவர்கள் என்றால், இரட்சிக்கும்படி தேவன் முன்னமே தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களுக்காக மட்டுமே கிறிஸ்து மரித்தார் என்ற போதனைக்கு வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம் என்று பெயர். லிமிட்டெட் அட்டோன்மென்ட் என்ற பெயரில்தான் பலருக்கு அறிமுகம். எதிர்த்தரப்பு சொல்வது பொதுவான பாவநிவாரணம். இரண்டு பக்கமும் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நான் எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

முதலில், சண்டை எதைப் பற்றியது அல்ல என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். சிலுவையின் மதிப்பு எவ்வளவு என்பது கேள்வியே இல்லை. தேவகுமாரனின் மரணம் அளவற்ற மதிப்புள்ளது, உலகம் முழுவதற்கும் போதுமானது என்பதை இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கின்றன. கடைசியில் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா என்பதும் இங்கே கேள்வி இல்லை. அது தனி விவாதம். இந்த இரண்டு தரப்பும் விசுவாசிக்கிறவர்களே இரட்சிப்படைவார்கள் என்கின்றன. சுவிசேஷத்தை யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் இல்லை. எல்லாருக்கும்தான்.

12ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கற்பித்த பீட்டர் லொம்பார்ட் ஒரு வாய்ப்பாடு தந்தார்: கிறிஸ்துவின் பலி எல்லாருக்கும் போதுமானது, தெரிந்துகொள்ளப்பட்டவர்களிடத்தில் மட்டும் பலன் தருவது. பல நூற்றாண்டுகள் இதை வைத்தே காலம் ஓடியது. ஆனால் "போதுமானது" என்பதற்கும் "பலன் தருவது" என்பதற்கும் நடுவில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பிதா குமாரனைச் சிலுவைக்கு அனுப்பினபோது அவருடைய நோக்கம் என்ன? எல்லாருக்கும் இரட்சிப்பின் வழியைத் திறப்பதா, அல்லது குறிப்பிட்ட ஜனத்தை நிச்சயமாக மீட்டெடுப்பதா? விவாதம் முழுவதும் இந்த நோக்கம் என்ற ஒன்றில்தான் நிற்கிறது.

வசனங்களைப் பார்ப்போம். பொதுவான பாவநிவாரணம் என்பவர்கள் முதலில் எடுப்பது 1 யோவான் 2:2. "நம்முடைய பாவங்களை மாத்திரம் அல்ல, சர்வலோகத்தின் பாவங்களையும்" என்று யோவான் வேண்டுமென்றே வட்டத்தை விரிக்கிறார். அப்புறம் 1 தீமோத்தேயு 2:6, எல்லாரையும் மீட்கும்பொருளாகத் தம்மை ஒப்புக்கொடுத்தவர். எபிரெயர் 2:9, ஒவ்வொருவருக்காகவும் மரணத்தை ருசிபார்த்தவர். இவற்றைவிட எனக்குக் கனமாகத் தெரிவது 2 பேதுரு 2:1. கள்ளப்போதகர்கள் "தங்களைக் கிரயத்துக்குக்கொண்ட ஆண்டவரை" மறுதலிப்பார்கள் என்கிறார் பேதுரு. அழிந்துபோகிறவர்களைப் பற்றிப் பேசும்போதே அவர்களும் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் என்கிறார்.

மறுபக்கமும் வெறுங்கையோடு வரவில்லை. நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான் என்று யோவான் 10இல் சொன்ன அதே இயேசு, அதே அதிகாரத்தில் எதிரே நிற்பவர்களைப் பார்த்து, நீங்கள் என் மந்தையின் ஆடுகளாயிராதபடியினால் விசுவாசியாமலிருக்கிறீர்கள் என்கிறார். கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார் என்கிறது எபேசியர் 5:25. தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார் என்பது மத்தேயு 1:21. இரட்சிக்க முயற்சி செய்வார் என்று அங்கே இல்லை. சிலுவைக்குப் போகும் முந்தின இரவின் ஜெபத்தில், உலகத்துக்காக வேண்டிக்கொள்ளாமல் நீர் எனக்குத் தந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளுகிறேன் என்கிறார் (யோவான் 17:9). இந்த வசனங்களை நிதானமாகப் படித்த யாரும், கல்வின் வழியினர் (சீர்திருத்தவாதி ஜான் கல்வினின் வழியில் வரையறுக்கப்பட்ட பாவநிவாரணத்தை நம்புகிறவர்கள்) வேதத்தை வளைக்கிறார்கள் என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

விவாதம் சூடாகி வெடித்த இடம் நெதர்லாந்து. லேய்டனில் பேராசிரியராக இருந்த யாக்கோபுஸ் ஆர்மீனியுஸ் 1609இல் இறந்தார். அடுத்த வருடமே அவர் வழியைப் பின்பற்றிய போதகர்கள் ஐந்து குறிப்புகள் கொண்ட மனு ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டாவது குறிப்பு, கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் ஒவ்வொருவருக்காகவும் மரித்தார், ஆனால் விசுவாசிக்கிறவனே அந்த மன்னிப்பைப் பெறுகிறான் என்றது. இதை விசாரிக்க 1618 நவம்பரில் டார்ட்ரெக்ட் நகரில் ஒரு மாமன்றம் கூடியது. டார்ட் மாமன்றம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் சுவிஸ் நகரங்களிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள்.

டார்ட் என்றாலே கறாரான ஒரே குரல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே நடந்தது வேறு. இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் டேவனன்ட், கிறிஸ்து ஏதோ ஒரு மெய்யான பொருளில் எல்லாருக்காகவும் மரித்தார் என்று வாதாடினார். இங்கிலாந்துக் குழுவுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. பிரேமனிலிருந்து வந்த மார்ட்டினியுஸும் ஏறக்குறைய அந்தப் பக்கமே சாய்ந்தார். கடுங்கல்வினியரான கொமாருஸோடு அவருக்கு மோதல் முற்றியது. அந்த இழுபறிக்குப் பிறகு வந்த தீர்மானத்தில், கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுவதன் பாவங்களையும் நிவர்த்தி செய்ய ஏராளமாய்ப் போதுமானது என்று முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் அதன் மீட்கும் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே என்பது பிதாவின் நோக்கம் என்று எழுதினார்கள். விசுவாசியாமல் கெட்டுப்போகிறவர்கள் கெட்டுப்போவது பலியில் குறை இருப்பதால் அல்ல, தங்கள் சொந்தக் குற்றத்தால்தான் என்றும் சேர்த்தார்கள். டேவனன்டும் இதில் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. மாமன்றத்துக்குப் பின்னால் அரசியல் இருந்தது. ஆர்மீனியுஸ் வழியினருக்கு ஆதரவாக நின்ற முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னெவெல்ட் 1619 மே மாதம் தலை வெட்டப்பட்டார். அவர்களோடு நின்ற அறிஞர் ஹூகோ குரோஷியுஸுக்கு ஆயுள் சிறை. 1621இல் மனைவியின் உதவியோடு புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். போதகர்கள் பலர் வேலை இழந்து நாடுகடத்தப்பட்டார்கள். வேதவிளக்கத்தில் மாறுபட்டதற்கு வாளும் சிறையும் பதிலாக வந்ததை எந்தத் தரப்பில் நின்றாலும் துக்கத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஓவனின் வாதம்

வரையறுக்கப்பட்ட பாவநிவாரணத்துக்கு இதுவரை எழுதப்பட்டவற்றில் மிக வலுவானது ஜான் ஓவன் என்ற ஆங்கிலேயப் பியூரிட்டன் (இங்கிலாந்துச் சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்றவர்களில் ஒருவர்) 1647இல் எழுதிய புத்தகம். அதன் நடுநாடியான வாதம் இது. கிறிஸ்து தண்டனையைச் சுமந்தது ஒன்று, எல்லா மனிதரின் எல்லாப் பாவங்களுக்காக. அல்லது சில மனிதரின் எல்லாப் பாவங்களுக்காக. அல்லது எல்லா மனிதரின் சில பாவங்களுக்காக. மூன்றாவது என்றால் யாருமே தப்ப முடியாது. முதலாவது என்றால், ஏன் எல்லாரும் இரட்சிக்கப்படவில்லை? அவிசுவாசத்தினால் என்று சொல்வீர்கள். அந்த அவிசுவாசம் பாவமா, இல்லையா? பாவம் என்றால் அதற்காகவும் அவர் மரித்திருக்கிறாரே. மரிக்கவில்லை என்றால், அவர் எல்லாப் பாவங்களுக்காகவும் மரித்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஆகவே இரண்டாவதுதான் மிஞ்சுகிறது.

முதல்முறை படிக்கிறவருக்கு மூச்சே நின்றுவிடும். உங்கள் வீட்டுக்கடன் முழுவதையும் சித்தப்பா ஒருவர் வங்கியில் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வங்கி உங்களிடம் தவணை கேட்டால் அது அநியாயம். ஒரே கடனை இரண்டு முறை வசூலிக்க நீதியுள்ள தேவனால் ஆகாது. இதுதான் ஓவனின் பலம்.

எனக்கு இது இடறுகிற இடமும் இதே இடம்தான். கடன் கட்டப்பட்டால் அந்த நிமிஷமே தீர்ந்துபோகும். கடன்காரன் அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் கணக்கு முடிந்தது. ஆனால் பவுல் எபேசு சபை விசுவாசிகளுக்கு எழுதும்போது, நாமும் முன்னே மற்றவர்களைப்போலக் கோபாக்கினையின் பிள்ளைகளாயிருந்தோம் என்கிறார் (எபேசியர் 2:3). தெரிந்துகொள்ளப்பட்டவர்களும், சிலுவைக்குப் பிறகு பிறந்தவர்களும்கூட, விசுவாசிக்கும்வரை கோபாக்கினைக்குக் கீழே இருந்தார்கள். அப்படியானால் சிலுவையில் நடந்த தீர்ப்பும் அது ஒருவனுக்குப் பலிக்கிற நேரமும் ஒன்றல்ல. நடுவில் விசுவாசம் என்று ஒன்று இருக்கிறது. இயேசுவே நிக்கொதேமுவிடம் எடுத்துக்காட்டாகச் சொன்னது வனாந்தரத்து வெண்கலச் சர்ப்பத்தை. எண்ணாகமம் 21இல் அது கடிபட்ட எவனுக்காகவும் உயர்த்தப்பட்டது. நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். பார்க்காதவன் செத்ததால் சர்ப்பம் அவனுக்காக உயர்த்தப்படவில்லை என்று ஆகாது.

ஓவன் இதற்குப் பதில் வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசுவாசமே கிறிஸ்து தம் மரணத்தால் தம் ஜனத்துக்குச் சம்பாதித்துத் தந்த ஈவு, ஆகையால் யாருக்காக மரித்தாரோ அவர்களுக்கு அது கட்டாயம் தரப்படும் என்பது அவர் பதில். எளிதில் தள்ளிவிடக்கூடிய பதில் அல்ல. அதனால்தான் விவாதம் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

நடுவழி ஒன்றும் உண்டு. பிரான்ஸின் சோமூரில் கற்பித்த மொய்ஸ் அமிரோ 1634இல் எழுதியதன் சாரம்: விசுவாசித்தால் என்ற நிபந்தனையோடு தேவன் எல்லாருக்காகவும் குமாரனைத் தந்தார், ஆனால் தானாக யாரும் விசுவாசிக்க மாட்டார்கள் என்பதால் தெரிந்துகொண்டவர்களுக்கு விசுவாசத்தையும் அருளுகிறார். 1637இல் அலான்சோன் மாமன்றம் அவரை விசாரித்து எச்சரித்ததே தவிர, கள்ளப்போதகர் என்று தள்ளவில்லை. டேவனன்டும் தன் வழியில் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். என்னைக் கேட்டால் நான் டேவனன்டுக்கு அருகில் நிற்கிறேன்.

மற்றச் சபைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லுத்தரன் வழியினர் கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்பதில் தெளிவு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் வழி அது. கத்தோலிக்கத் திருச்சபையும் அப்படியே: கிறிஸ்து எல்லாருக்காகவும் இரத்தம் சிந்தினார் என்று சொல்வதே தவறு என்ற, கத்தோலிக்கருக்குள்ளேயே எழுந்த ஜான்சேனிய வழியின் கூற்றை 1653இல் ரோம் கண்டித்தது. ஆங்கிலிக்கன் முப்பத்தொன்பது விதிகளில் 31ஆவது விதி, கிறிஸ்துவின் பலி முழு உலகத்தின் எல்லாப் பாவங்களுக்குமானது என்கிறது. ஆகவே நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த பதில் வெறும் பாட்டி கதை அல்ல. அதற்கும் பழைய, பெரிய பரம்பரை இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்ன சொல்வது?

லிங்கராஜபுரத்தில் நாங்கள் கூடும் வீட்டு வேதபாடத்தில் இந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. ஐடியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓவனின் மூன்று வழிகளையும் அழகாக விளக்கினார். முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த வீட்டு அக்கா கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. மாடி வீட்டு அம்மாகிட்ட இயேசு உங்களுக்காக மரிச்சார்னு நான் சொல்லலாமா, கூடாதா?" தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்பினா உங்களையும் ஏத்துக்குவார்னு சொல்லலாம்க்கா" என்றார். அக்கா தலையாட்டினார், ஆனால் முகத்தில் நிறைவில்லை.

அக்கா தொட்டது முழு விவாதத்தின் நரம்பை. தம்பி சொன்னதில் தவறில்லை. சுவிசேஷத்தின் வாக்குத்தத்தம் எல்லா ஜாதிகளுக்கும் எல்லா மனிதருக்கும் வேறுபாடு பார்க்காமல் அறிவிக்கப்பட வேண்டும் என்று டார்ட் தீர்மானமே சொல்கிறது. அப்போஸ்தலருடைய நடபடிகளில் அவிசுவாசிகளிடம் பேசும் பிரசங்கங்கள் "கிறிஸ்து உங்களுக்காக மரித்தார்" என்ற வார்த்தையில் அமையவில்லை, "மனந்திரும்புங்கள், விசுவாசியுங்கள்" என்றே அமைந்தன என்று கல்வின் வழியினர் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் கொரிந்தியருக்கு நான் பிரதானமாய் ஒப்புவித்தது என்று பவுல் நினைவுபடுத்தும் செய்தியின் முதல் வரி, கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார் என்பது (1 கொரிந்தியர் 15:3). கொரிந்துவில் முதல்நாள் அதைக் கேட்டவர்கள் இன்னும் விசுவாசிகள் ஆகியிருக்கவில்லை. அக்கா மாடி வீட்டில் போய்த் தாராளமாக அப்படிச் சொல்லலாம் என்று நான் நினைப்பதற்கு அந்த வசனம் முக்கியமான காரணம்.

அதேசமயம், வரையறுக்கப்பட்ட பாவநிவாரணத்தை நம்புகிறவர்கள் சுவிசேஷம் சொல்ல மாட்டார்கள் என்று பேசுவது அநியாயம். வில்லியம் கேரி யார்? அவர் சார்ந்திருந்த சபைப் பிரிவின் பெயரே பர்டிகுலர் பாப்டிஸ்ட், குறிப்பிட்ட ஜனத்துக்கான மீட்பை நம்புகிறவர்கள். அவருடைய நண்பர் ஆண்ட்ரூ ஃபுல்லர், பாவிகளை விசுவாசிக்கும்படி அழைக்கவே கூடாது என்று இறுகிப்போயிருந்த தம் சபையாருக்கு எதிராக 1785இல் ஒரு புத்தகம் எழுதினார். 1792இல் அவர்கள் சேர்ந்து மிஷன் சங்கம் தொடங்கினார்கள். 1793இல் கேரி வங்காளம் வந்து சேர்ந்தார்.

ஃபுல்லர் செய்தது நமக்கு நல்ல பாடம். தம்மை வளர்த்த போதகர்களோடுதான் அவர் மாறுபட்டார். பெரிய இறையியலாளர் ஒருவரோடு ஒத்துப்போகாமல் இருப்பது நம்மில் பலருக்குத் துரோகம்போலத் தோன்றுகிறது. சபைப் போதகரான ஐயர் பிரசங்கபீடத்திலிருந்து சொன்னதை எதிர்த்துக் கேட்டுப் பழக்கமில்லை. அந்த மரியாதையை அப்படியே கொண்டுபோய் ஓவனுக்கும் யூடியூப் பிரசங்கியாருக்கும் வைத்துவிடுகிறோம். இன்னும் சிலர் நேர்மாறு: ஒரு கருத்து பிடிக்கவில்லை என்றதும் அந்த ஆளையே கள்ளப்போதகர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பவுலின் போதனையையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தார் அதற்காகத் திட்டு வாங்கவில்லை, நற்குணசாலிகள் என்ற பெயர் வாங்கினார்கள்.

19ஆம் நூற்றாண்டு லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனின் பிரசங்கங்களைப் படிக்காத தமிழ் விசுவாசி வீடு குறைவு. அவர் குறிப்பிட்ட மீட்பை வெளிப்படையாக ஆதரித்தவர். ஆனால் 1880இல் 1 தீமோத்தேயு 2:4ஐப் பிரசங்கித்தபோது, எல்லா மனுஷரும் என்பதைச் சில மனுஷர் என்று சுருக்குகிற பழைய கல்வினியர்களின் விளக்கத்தை ஏற்க மறுத்தார். தேவவசனத்தோடு முரண்படுவதைவிட என்னோடு நானே முரண்பட்டு நிற்பது மேல் என்ற பொருளில் பேசினார். தன் அணிக்காரர்களையே வசனத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்கிற அந்த நேர்மை எல்லாப் பக்கத்துக்கும் வேண்டும்.

மெதடிஸ்ட் வழியைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும், கல்வின் வழியில் நின்ற பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் இதில் வெளிப்படையாகவே மோதினார்கள். (பெங்களூரில் உள்ள நம் ஒயிட்ஃபீல்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, அது டி.எஸ். ஒயிட் என்பவர் பெயரால் வந்தது.) வெஸ்லி 1739இல் முன்குறித்தலை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானித்தார் என்ற போதனையைத் தாக்கி ஒரு பிரசங்கத்தை அச்சிட்டார். ஒயிட்ஃபீல்டு 1740 டிசம்பர் 24ஆம் தேதி ஜார்ஜியாவிலிருந்து நீண்ட பதில் எழுதினார். நட்பு முறிந்தது. பிறகு தனிப்பட்ட முறையில் சமாதானமானார்கள், கொள்கையில் யாரும் இறங்கிவரவில்லை. ஒயிட்ஃபீல்டு 1770இல் அமெரிக்காவில் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தது வெஸ்லிதான். அதே ஒயிட்ஃபீல்டு ஜார்ஜியாவில் அடிமைமுறையை அனுமதிக்கச் சொல்லி வாதாடியவர். வெஸ்லி 1774இல் அடிமைமுறையைக் கண்டித்து எழுதினார். தேவன் வல்லமையாய்ப் பயன்படுத்தின ஒருவர் பெரிய விஷயத்தில் பெரிய தவறும் செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் தென்னிந்தியாவில் நடந்ததும் இதோடு சேர்ந்ததுதான். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. வெஸ்லியின் வாரிசுகளும் கல்வினின் வாரிசுகளும் ஒரே திருவிருந்துப் பந்திக்கு வந்தார்கள். பெங்களூரிலேயே ஹட்சன் நினைவுச் சபை மெதடிஸ்ட் மிஷன் வழி, அவென்யூ ரோடு ரைஸ் நினைவுச் சபை காங்கிரிகேஷனல் சார்ந்த லண்டன் மிஷன் வழி. இன்று இரண்டும் ஒரே திருமண்டலம். பாவநிவாரணத்தின் எல்லை என்ன என்று முடிவு கட்டிவிட்டுத்தான் சேருவோம் என்று யாரும் நிற்கவில்லை.

இந்த விவாதத்துக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் மறுக்கப்போகும் ஆளை அவருடைய சொந்த எழுத்தில் படியுங்கள். அவர் ஒத்துக்கொள்ளும்படி அவர் வாதத்தை உங்களால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த வாதத்தின் எந்தக் கண்ணியில் நீங்கள் பிரிகிறீர்கள் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். என்னுடைய விரல் எபேசியர் 2:3இல் இருக்கிறது, மேலே சொல்லிவிட்டேன்.

ஓவனின் இன்னொரு வாதத்தில் என் விரல் அவ்வளவு உறுதியாக இல்லை. பிரதான ஆசாரியன் யாருக்காகப் பலி செலுத்துகிறாரோ அவர்களுக்காகவே பரிந்து பேசுகிறார். இயேசு உலகத்துக்காக வேண்டிக்கொள்ளவில்லை என்றால் உலகத்துக்காகப் பலியும் ஆகவில்லை என்கிறார் அவர். யோவான் 17:9 அப்படித்தான் ஒலிக்கிறது. நான் வைப்பது அதே ஜெபத்தின் 21ஆம் வசனம்: நீர் என்னை அனுப்பினதை உலகம் விசுவாசிக்கிறதற்காக. சீஷர்களுக்கான அந்த ஜெபம் அவர்கள் வழியாக உலகத்தை நோக்கியே போகிறது என்று நினைக்கிறேன். ஓவன் வழியில் படித்த நண்பர்களுக்கு இந்தப் பதில் போதவில்லை. அடுத்த மாத வேதபாடத்துக்கு எபிரெயர் 7 முதல் 10 வரை எடுத்திருக்கிறோம். அந்தத் தம்பிதான் நடத்துகிறார்.